பெண் கேட்டுப் போட்ட மின்னஞ்சல்

பெண் கேட்டு எழுதும் கடிதத்தில் விஷயத்தை முதல் வரியிலேயே போட்டு உடைப்பவன் நல்ல குடும்பத்தில் பிறந்தவனாக இருக்க முடியாது என்பது ஃபிலெமோன் ஸாராத்தேயின் தீர்மானமான கருத்து. கைமாற்றுக் கேட்க வந்தவன்தான் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவான். பெண் கேட்கிறவன் முதலில் எதிர்வீட்டாரின் பெருமையைச் சொல்ல வேண்டும். பிறகு தன் வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டும். நடுவில் கடவுளைத் துணைக்கு அழைக்க வேண்டும். படிப்பவரின் மனம் இளகியிருக்கும் நேரம் பார்த்து, கடைசிப் பத்தியில்தான் பெண்ணின் பெயரே வர வேண்டும்.

த்லாகோலூலா நகராட்சியில் எழுத்தராக இருந்த காலமெல்லாம் அவர் எழுதிய மனுக்கள் அப்படித்தான் இருந்தன. குடிநீர்க் குழாய் கேட்டு அவர் எழுதிய மனுவைப் படித்துவிட்டு மேலதிகாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குழாய் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது சொந்த மகனுக்காக எழுத வேண்டிய வேளை வந்திருந்தது. மகன் நாஹூம் வஹாக்கா நகரத்தில் கால்நடை மருத்துவன். அங்கேயே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கும் யாரேலி மத்தியாஸ் என்ற பெண்ணை அவன் விரும்பினான். அவளுடைய அப்பா ஒனோஃப்ரே மத்தியாஸ், மலையடிவாரத்து மியாவாத்லானில் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். பாதி நாள் தேன்கூடுகளோடு மலையில் இருப்பார். அங்கே கைபேசி எடுக்காது. பெண் கேட்க யாராவது வருவதாக இருந்தால் முதலில் அந்த வீட்டுப் பெரியவர் முறையாக எழுதட்டும், சங்க அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சலை நானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

ஃபிலெமோனுக்கு அது பிடித்திருந்தது. எழுத்தை மதிக்கிற வீடு என்று மனைவி தெல்ஃபினாவிடம் சொன்னார். அவள் ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, பெண்ணை மதிக்கிற வீடாக இருந்தால் போதும் என்றாள்.

கடிதத்தை அவர் பல நாள் திருத்தினார். மகனிடம் காட்டவில்லை. தனக்குப் பெண் கேட்டு அப்பா எழுதும் கடிதத்தைப் பிள்ளை படிப்பது எந்த ஊர் வழக்கம்? புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கித் தர மட்டும் அவனை அனுமதித்தார்; பெயர் கையெழுத்தில்தான் வர வேண்டும் என்று முகவரியில் வெறும் எண்களைப் போடச் சொன்னார். தலைப்பை, நகராட்சி வழக்கப்படி, பெரிய எழுத்துகளில் தாமே தட்டினார்: மிக அவசரம், முழு நம்பிக்கைக்குரியது. கடிதத்தில் பெண் வீட்டார் எல்லோருடைய முழுப் பெயரையும் முகவரியையும் கேட்டிருந்தார். பெண் கேட்கப் போகும்போது அவளுடைய சித்தப்பா, பெரியம்மா, ஞானத் தாய் தந்தையர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் பெயர் சொல்லி மஞ்சள்கரு ரொட்டியும் சாக்லேட்டும் வைக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

கடிதம் போனது. பதில் வரவில்லை.

முதலில் ஃபிலெமோன் மகிழ்ச்சியே அடைந்தார். அவர் பக்கத்து ஊர்களில் பெண் கேட்டுப் போனால் முதல் தடவை கதவு திறக்காது. உள்ளே விளக்கு எரியும், பேச்சுச் சத்தம் கேட்கும், கதவு மட்டும் சாத்தியே இருக்கும். எங்கள் பெண் ஒன்றும் வழியில் கிடப்பவள் அல்ல என்று அதற்குப் பொருள். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை திறந்தால் சம்மதம். திறக்கவில்லையென்றால், வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீடுகளும் ஒரே கோயிலில்கூட ஒரே வரிசையில் உட்காராது.

“முறை தெரிஞ்ச மனுஷன். உடனே பதில் போட்டிருந்தா நானே யோசிச்சிருப்பேன்” என்றார் மனைவியிடம்.

இரண்டாவது கடிதத்தை இன்னும் உருக்கமாக எழுதினார். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதில், இதுவே கடைசி வாய்ப்பு என்பதை மரியாதை குறையாமல் குறிப்பிட்டார். வாரங்கள் போயின. த்லாகோலூலாவில் ஞாயிற்றுச் சந்தைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள், சம்பந்தம் எந்த மட்டில் இருக்கிறது என்று தெல்ஃபினாவிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஃபிலெமோன் சந்தைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் நாஹூம் வீட்டுக்கு வந்து ஒரு செய்தி சொன்னான். யாரேலியின் அப்பா கொதித்துப்போயிருக்கிறாராம். அந்தப் பையனுக்கு வீட்டில் பெரியவர் என்று ஒருவர் உண்டா இல்லையா, இருந்தால் ஒரு வரி எழுத அவருக்குக் கை வலிக்கிறதா என்று கேட்டாராம். இப்படியே இருந்தால் சம்பந்தமே வேண்டாம் என்றாராம்.

“மூணு தடவை எழுதியிருக்கேன். நான் பொய் சொல்றேன்கிறானா அவன்?” என்றார் ஃபிலெமோன்.

“இல்லப்பா, ஸ்பேம்ல போயிருக்கும்.”

“அது எந்த ஊரு?”

நாஹூம் தயங்கித் தயங்கி விளக்கினான். மோசடிக்காரர்கள், திருடர்கள், ஆளை ஏமாற்றிப் பணம் பறிக்கிறவர்கள் அனுப்பும் மெயிலையெல்லாம் இயந்திரமே பார்த்து ஒரு குப்பைப் பெட்டியில் தள்ளிவிடும். சில சமயம் நல்ல கடிதமும் அதில் விழுந்துவிடும். அங்கே தேடிப் பார்க்கச் சொல்லி யாரேலியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஃபிலெமோனின் முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்துவிட்டது. ஸாராத்தே வீட்டில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர் இருந்திருக்கிறார், மனைவியை விட்டு ஓடியவர்கூட ஒருவர் உண்டு. திருடன் இருந்ததில்லை. அந்த வீட்டுக் கடிதம் திருடர்கள் கடிதத்தோடு குப்பையில் கிடக்கிறது, போய்ப் பொறுக்கிப் பாருங்கள் என்று பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்வதா?

“அந்த வார்த்தையை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்னு வை, இந்த வீட்டு வாசப்படி ஏறாதே” என்றார்.

நாஹூம் பையைத் தோளில் மாட்டினான். இரண்டு அப்பாக்களும் இப்படியே வீம்பு பிடித்தால் தானும் யாரேலியும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனான். அவன் சத்தம் போடாமல் சொன்னதுதான் ஃபிலெமோனை உலுக்கியது. ஊர் கூடாமல், ரொட்டி வைக்காமல், ஆசீர்வாதம் இல்லாமல் ஒரு ஸாராத்தேயின் கல்யாணம் நடப்பதா?

மியாவாத்லானுக்குத் தாமே நேரில் போவது என்று முடிவு செய்தார். பெண் கேட்க அல்ல. அதை மனைவியிடம் தெளிவாகச் சொன்னார். என் வீட்டுச் சொல்லைப் பொய் என்று சொன்னவன் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அவ்வளவுதான். தெல்ஃபினா ஒரு கூடை ரொட்டி எடுத்து வைத்தாள். அவர் அதை இறக்கி வைத்தார். சண்டைக்குப் போகும்போது எவனாவது ரொட்டி கொண்டுபோவானா என்று கேட்டார்.

“நான் சண்டைக்கு வரலைங்க. உங்களைப் பிடிச்சு இழுத்துட்டு வர ஒரு ஆள் வேணுமே, அதுக்கு வரேன்” என்றாள் அவள். கூடை வீட்டிலேயே இருந்தது.

அவர்கள் போய் இறங்கிய திங்கட்கிழமை மியாவாத்லானில் சந்தை நாள். சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வரும் தேனீக்காரர்களுக்கு வசதியாகச் சங்கத்தின் கூட்டத்தையும் அன்றே வைப்பார்கள். ஒனோஃப்ரே மத்தியாஸ் எங்கே என்று கேட்டதும் ஒருவன் சங்கக் கூடத்தைக் காட்டினான். தகரக் கூரை, வரிசையாக மடக்கு நாற்காலிகள், தொப்பிகளும் முக்காடுகளுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. மேடையில் குட்டையான, உருண்டையான மனிதர் ஒருவர் கையில் சில காகிதங்களோடு நின்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியட்டும், நடுவில் புகுந்து கத்துவது அழகல்ல என்று ஃபிலெமோன் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தெல்ஃபினா பக்கத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக் கால் விரல்களை நீட்டினாள்.

பக்கத்திலிருந்த கிழவி விஷயத்தைச் சொன்னாள். போன அறுவடையில் சங்கத்து ஆள் ஒருவன், வெளிநாட்டு வியாபாரி என்று சொல்லி மெயில் போட்டவனை நம்பி ஒரு லாரித் தேனை அனுப்பிவிட்டு இன்றுவரை காத்திருக்கிறான். அதனால் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் அலுவலகத்துக்கு வரும் மோசடி மெயில்களை அச்செடுத்து வந்து படித்துக் காட்டுகிறார். சினிமாவைவிட நன்றாக இருக்கும் என்றாள்.

ஒனோஃப்ரே அடுத்த காகிதத்தை எடுத்தார்.

“இதுவரைக்கும் வந்ததெல்லாம் சில்லறைத் திருடனுங்க. இவன் படிச்சவன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை எழுதியிருக்கான். நல்லாக் கேட்டுக்கோங்க, வழியில போற திருடன் இப்படித்தான் நம்மைத் தடவிக் கொடுப்பான்” என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்து, நாடகக்காரன் போலக் கையை நீட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

“மதிப்புக்கும் மாண்புக்கும் உரிய ஐயா, முன்பின் அறிமுகமில்லாத இந்த எளியவனின் கடிதம் கண்டு தாங்கள் வியப்படைய வேண்டாம்...”

கூடம் சிரித்தது. ஃபிலெமோனுக்கும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. திருடனாக இருந்தாலும் பாவிக்கு என்ன அழகான மொழி என்று முணுமுணுத்துத் தலையை ஆட்டினார்.

“எல்லாம் வல்ல இறைவனின் சித்தத்தால், ஆயிரம் பேர் நடுவில் தங்களைத் தேர்ந்தெடுத்து இதை எழுதுகிறேன். நம் இரு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நன்மை தரக்கூடிய ஒரு காரியம் என் கைவசம் உள்ளது...”

“தேன் வேணுமாம்” என்று யாரோ முன்வரிசையிலிருந்து சொன்னார்கள். சிரிப்பு கூரையில் மோதியது. ஃபிலெமோனும் தோள் குலுங்கச் சிரித்தார். அவருடைய விலாவில் தெல்ஃபினாவின் முழங்கை பலமாக இடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“என் வீட்டின் ஒரே பொக்கிஷத்தைத் தங்கள் பாதுகாப்பில் ஒப்படைக்க விழைகிறேன். காரியம் கைகூடும்வரை வெளியார் காதுக்கு எட்ட வேண்டாம். உடனடியாகத் தங்கள் வீட்டார் அனைவரின் முழுப் பெயரும் முகவரியும்...”

பொக்கிஷம் என்ற சொல்லில்தான் ஃபிலெமோனின் சிரிப்பு நின்றது. அந்தச் சொல்லுக்காக அவர் ஒரு மாலை முழுவதும் முற்றத்தில் நடந்திருந்தார்.

தம் சொந்த வாக்கியங்கள் இன்னொருவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக விழ, கூடம் ஒவ்வொன்றுக்கும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓசைப்படாமல் கதவு வழியே போய்விடலாம். யாருக்கும் அவரைத் தெரியாது. முதல் பேருந்தைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீடு. ஆனால் போனால், இந்தக் கடிதம் என்றென்றைக்கும் ஒரு திருடனின் கடிதமாகவே இருந்துவிடும். மகன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவான்.

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். நகராட்சி மன்றத்தில் தீர்மானம் வாசிக்கும் குரலில் சொன்னார்:

“அந்தக் கடிதம் என்னோடது. நான் த்லாகோலூலா ஃபிலெமோன் ஸாராத்தே. இரண்டாம் பக்கத்தையும் படிங்க.”

கூடம் திரும்பியது. படம் பிடிக்கக் கைபேசியை எடுத்தவர்கள் அதைத் திரும்ப உள்ளே வைத்தார்கள். ஸாராத்தே என்ற பெயர் ஒனோஃப்ரேயின் முகத்தில் போய் மெதுவாக இறங்குவதை ஃபிலெமோன் பார்த்தார். இரண்டாம் பக்கம் அவர் கையில் இல்லை. மோசடிக் கடிதத்தை எவன் கடைசிவரை படிப்பான்? ஓரிரு பத்தி போதும் என்று முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்திருந்தார். மேசையில் இருந்த மடிக்கணினியைத் திறந்து, குப்பைப் பெட்டிக்குள் போய், கொட்டை எழுத்து விளம்பரங்களுக்கும் பரிசுச் சீட்டுகளுக்கும் நடுவில் அந்த மூன்றாவது கடிதத்தைத் தேடி எடுத்தார். இந்தத் தடவை கையை நீட்டாமல், நாடகக் குரல் இல்லாமல், வரிவரியாகப் படித்தார்.

என் மகன் நாஹூம் பெரிய பணக்காரன் அல்ல, ஆனால் நோயுற்ற கழுதையின் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருக்கக் கூடியவன் என்று அதில் இருந்தது. தாயைக் கிண்டல் செய்வான், கை நீட்டியது கிடையாது என்றும் இருந்தது. கடைசிப் பத்தியில், நகராட்சி மனுக்களில் ஒருபோதும் இடம் பெறாத ஒரு வாக்கியம் இருந்தது. தங்கள் மகள் யாரேலி எங்கள் வீட்டுக்கு வந்தால் அவளை மருமகளே என்று கூப்பிட என் மனைவி இப்போதிருந்தே சொல்லிப் பழகுகிறாள்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தெல்ஃபினா கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படியில் தனியாக இருக்கிறோம் என்று நினைத்து அவள் சொல்லிப் பார்த்ததை அவர் எப்போது கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒனோஃப்ரே மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளின் நடுவே நடந்து வந்து, ஃபிலெமோனுக்கு முன்னால் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். கிட்டத்தில் பார்த்தபோது அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

“ஐயா, என் பொண்ணைக் கேட்டு வந்த கடிதத்தை வச்சு நானே ஊரைச் சிரிக்க வச்சுட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியலை. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

ஃபிலெமோன் வரும் வழியெல்லாம் பேருந்தில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் அந்த நேரத்துக்கு மிகப் பொருத்தமாக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“சிரிச்சதுக்கு மன்னிப்பு கேட்க வேண்டாம். நானும்தான் சிரிச்சேன்” என்றார்.

தெல்ஃபினாதான் முதலில் வெடித்தாள். அவள் சிரிப்பு ரொட்டிக் கடைச் சிரிப்பு, தெருமுனைவரை கேட்கும். “திருடனுக்கு என்ன அழகான பாஷைன்னு தலையை வேற ஆட்டினாரு” என்று பக்கத்துக் கிழவியிடம் சொன்னாள். அதோடு கூடத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒனோஃப்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், நீங்கள் தட்டிய மூன்றாவது தட்டு இன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது, முறைப்படி மூன்றாவதுக்குக் கதவு திறந்துவிட்டது என்று. பிறகு இரு கைகளையும் விரித்தார்.

“உள்ளே வாங்க சம்பந்தி.”

ஃபிலெமோன் ஓரடி பின்னால் வைத்தார். முகம் மறுபடி கல்லானது.

“அந்த வார்த்தையை இப்பச் சொல்லாதீங்க. வெறுங்கையோட வந்து ஸாராத்தே வீட்டார் பொண்ணு கேட்டதில்லை. ரொட்டி இல்ல, சாக்லேட் இல்ல, ஒரு குப்பி மெஸ்கால் சாராயம்கூட இல்ல. இன்னிக்கு நான் வரவே இல்ல. நீங்க என்னைப் பார்க்கலை.”

“கூடையை இறக்கி வச்சது யாரு” என்றாள் தெல்ஃபினா, யாரையும் பார்க்காமல்.

ஒனோஃப்ரே கொஞ்சம் யோசித்தார். அவரும் மகளைப் பெற்ற மனிதர்தான். இந்தப் பிடிவாதம் அவருக்கு உள்ளூரப் பிடித்துப்போயிற்று. சரி, பார்க்கவில்லை என்றார். பின்வரிசைக் கிழவி, நானும் பார்க்கவில்லை என்றாள். ஒவ்வொருவராகக் கூடம் முழுவதும் அவரைப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தது. அடுத்த சனிக்கிழமை வருவது என்று, வராத ஒருவரும் பார்க்காத ஒருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

ஆனால் மதியமாகிவிட்டிருந்தது. விடிவதற்கு முன் கிளம்பியவர்கள். வயிறு முறை பார்க்காது. வீட்டில் சாப்பிடலாம் என்று ஒனோஃப்ரே அழைத்தபோது, பெண் கேட்பதற்கு முன்னால் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஃபிலெமோன் மறுத்துவிட்டார். மனைவியை அழைத்துக்கொண்டு சந்தைக்குள் நடந்து, குழியில் வெந்த ஆட்டுக்கறி விற்கும் கடை ஒன்றில் உட்கார்ந்தார். முதல் சோளத் தோர்த்தியாவைக் கறியோடு சுருட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்த மேசைக்கு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலியின் முதுகு அவர் நாற்காலியின் முதுகில் இடித்தது.

“இந்தக் கடையில சாப்பிடறது என் வழக்கம். பின்னாடி யாரு இருக்காங்கன்னு நான் பார்க்கலை” என்றது ஒனோஃப்ரேயின் குரல்.

“நானும் பார்க்கலை” என்றார் ஃபிலெமோன், திரும்பாமல்.

அப்படியே முதுகோடு முதுகாக உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். யாரோ ஒரு பெண் வீட்டுக்குச் சனிக்கிழமை யாரோ வந்தால் எத்தனை வீட்டுக்கு ரொட்டி வைக்க வேண்டியிருக்கும் என்று ஃபிலெமோன் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக் கேட்டார். ஒனோஃப்ரே தம் எதிரே தொங்கிய ஆட்டுக் காலைப் பார்த்துப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். யாரேலிக்கு ஞானஸ்நானத் தந்தை ஒருவர், முதல் நற்கருணைக்கு ஒருவர், பதினைந்தாம் பிறந்தநாள் கேக் செலவை ஏற்ற ஞானத் தந்தை ஒருவர், அன்று போட்ட காலணிக்குத் தனியாக ஒருவர். தாதிப் படிப்பு முடித்தபோது சங்கமே சேர்ந்து ஞானத் தந்தையாக நின்றிருக்கிறது. அதாவது கூடத்தில் இருந்த எல்லோரும்.

தெல்ஃபினா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“இவ்வளவு ரொட்டிக்கு என் அடுப்பு காணாது. உங்க ஊர்ல கடன் குடுக்கிற மாதிரி அடுப்பு இருக்கா, அண்ணே?” என்று நேராகவே பின்னால் திரும்பிக் கேட்டாள். அவளுக்கு எந்த விரதமும் இல்லை.

இருக்கிறது, தேன்மெழுகு உருக்கும் கொட்டகையிலேயே பெரிய அடுப்பு இருக்கிறது, ஆனால் அதைக் கொடுப்பதற்கு முதலில் நான் உங்களைப் பார்த்தாக வேண்டுமே என்றார் ஒனோஃப்ரே. ஃபிலெமோன் வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை யோசித்தார். அடுப்பைப் பற்றி மனைவியிடம் மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். பிறகு, தம் மேசையில் இருந்த மிளகாய்த் துவையல் நன்றாக இருந்ததால், கிண்ணத்தை எடுத்துத் திரும்பிப் பார்க்காமலேயே தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.